பேஸ் கிற்றார் பழகுவோருக்கான பங்க் பாடல்கள்: எதை முதலில், எதைப் பிறகு, ஏன்

நான் அறிந்த யாழ்ப்பாணத்துப் பேஸ் வாசிப்பாளர்கள் அநேகமாக எல்லோரும் அந்த வாத்தியத்தைத் தேவாலயப் பாடகர் குழுவிலோ கலியாண வீட்டு இசைக்குழுவிலோதான் முதன்முதலில் கையில் எடுத்தவர்கள். நானும் அப்படித்தான். கிற்றார் வாசிக்க இருவர் இருந்தார்கள், கீபோர்ட்டுக்கு ஒருவர் இருந்தார், மூலையில் சாத்தி வைத்திருந்த நாலு தந்தி வாத்தியத்தை எடுக்க ஆளில்லை என்பதால் அது என்னிடம் வந்தது. அப்படி வந்து சேர்ந்தவர்களிடம் பொதுவாக ஒரு குறை தங்கிவிடுகிறது. கோர்ட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும் இடத்தில் சரியான சுரத்தைத் தொடத் தெரியும். ஆனால் இரண்டு நிமிடம் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், தளராமல் வாசிக்கத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்குப் பங்க் பாடல்களைவிடச் சிறந்த பாடத்தை நான் இன்னும் காணவில்லை.

பங்க் எளிது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. இடது கைக்கு எளிது. வலது கைக்கு எளிதல்ல. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் அதைத் தொடர்ந்து லண்டனிலும் எழுந்த இந்த இசை, அக்காலத்து றொக் குழுக்களின் நீண்ட தனிவாசிப்புகளையும் பத்து நிமிடப் பாடல்களையும் ஒதுக்கிவிட்டு, மூன்று கோர்ட்டும் இரண்டு நிமிடமும் போதும் என்று நின்றது. கிற்றார் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அத்தகைய பாடலில் சுருதியைத் தெளிவாகக் காட்டுவதும் காலத்தைப் பிடித்து நிறுத்துவதும் பேஸின் பொறுப்பாகின்றன. தவிற்காரர் ஒருவர் காலப்பிரமாணம் பிசகினால் நாதஸ்வரம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் கச்சேரி கெட்டுப்போகும் என்பதை இணுவில், அளவெட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேஸும் அதே பொறுப்பைச் சுமக்கும் வாத்தியந்தான்.

கையில் இருப்பதை வைத்துக்கொண்டு செய், யாரையும் காத்திருக்காதே என்பது பங்க் இசைக்காரர்களின் நிலைப்பாடு. மின்சாரம் இல்லாத 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிக் கசற்றில் பாட்டுக் கேட்ட ஊருக்கு அது புதிய செய்தி அன்று.

கீழே வரும் பாடல்களைப் புகழின்படி நான் அடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு குறித்த திறனுக்காகத் தெரிவு செய்திருக்கிறேன். முன்னையது கைக்கு வராமல் அடுத்ததற்குத் தாவினால் பிழையான பழக்கம் கையில் ஊறிவிடும். ஊறிய பழக்கத்தை எடுப்பது புதிதாகப் பழகுவதைவிட இரண்டு மடங்கு வேலை.

படி 1: வாத்தியத்தை ஆயத்தப்படுத்துங்கள்

நாலு தந்தியுள்ள சாதாரண பேஸ் போதும். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்க வேண்டும். பங்க் பேஸின் ஒலி என்று நாம் கேட்டுப் பழகியது பெரும்பாலும் பெண்டர் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் ஒலி. அதன் வடிவத்தைப் பின்பற்றிய மலிவான பிரதிகளிலும் அந்த ஒலிக்கு மிக அருகில் வரலாம். ஆகவே விலையை நினைத்துத் தயங்க வேண்டாம்.

தந்திகளில் மட்டும் கவனம் வேண்டும். குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து புதிய தந்தியின் பளிச்சென்ற ஒலியைச் சில வாரங்களிலேயே மங்கச் செய்துவிடும். வாசித்து முடித்த ஒவ்வொரு முறையும் பழைய பருத்தி வேட்டித் துண்டொன்றால் தந்தியை மேலும் கீழும் பிடித்துத் துடையுங்கள். மங்கிய தந்தியை உடனே எறியவும் வேண்டாம். கழற்றிச் சுருட்டி, வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து உலர்த்தி மாட்டினால், சுற்றுக் கம்பிகளுக்கிடையே அடைந்திருந்த அழுக்கு வெளியேறி ஒலி ஓரளவு திரும்பி வரும். பேஸ் தந்தி விலை கூடியது என்பதால் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து ஓட்டலாம்.

அடுத்தது இரைச்சல். நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்) கிடைக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹேர்ட்ஸ். ஆகவே அம்ப்பிலிருந்து (ஒலிபெருக்கியிலிருந்து) இடைவிடாத ஒரு முனகல் கேட்டால், அந்த ஜி சுரத்தை மெல்ல வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, செக்கனுக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்கினால், அது வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிற முனகல். பழைய வீடுகளில் எர்த் கம்பி சரியாக இல்லாததும், இரண்டு முனைப் பிளக்கில் அம்ப்பைச் செருகுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு எர்த்தைச் சரிபார்த்த பிறகே தொடருங்கள்; தந்தி உலோகம், உங்கள் விரல் அதன்மேல் இருக்கிறது. மாரி மழைக் காலத்தில் இடி மின்னல் தொடங்கினால் அம்ப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லாமலே பயிற்சி செய்யலாம்.

சாதாரணக் கிற்றாருக்கான சிறிய அம்ப்பில் பேஸைச் செருகி ஒலியைக் கூட்ட வேண்டாம். தாழ்ந்த சுரங்களின் அசைவைத் தாங்காமல் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு கிழிந்துவிடும். பாடகர் குழுவின் அம்ப் ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

படி 2: வலது கையைப் பழக்குங்கள்

விரலால் வாசிப்பது தவறன்று. இருந்தாலும் தொடக்ககாலப் பங்க் பாடல்கள் பெரும்பாலும் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்), அதுவும் கீழ்நோக்கிய வீச்சால் மட்டும் வாசிக்கப்பட்டவை. ஒரு வீச்சு கீழும் ஒரு வீச்சு மேலும் என்று மாறி மாறி வாசித்தால் களைப்புக் குறையும். ஆனால் மேல்வீச்சு இயல்பாகவே சற்று மெலிந்து ஒலிப்பதால், எட்டு அடியும் ஒரே கனத்தில் விழாது. அந்த ஒரே கனந்தான் இந்த இசையின் உயிர். ஆகவே ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள பிக் ஒன்றை எடுங்கள். அதன் நுனி மாத்திரம் வெளியே தெரியும்படி பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடியுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து அன்று. தந்தியைத் தாண்டிப் பிக் போகும் தூரம் ஒரு நெல்மணியின் நீளத்துக்கு மேற்படக் கூடாது. வீச்சு நீள நீள, திரும்பி வர நேரம் எடுக்கும். வேகம் கூடியதும் அந்த நேரம் உங்களிடம் இருக்காது.

எண்ணுவதற்கு நமக்குச் சொற்கட்டு இருக்கிறது. "தகதிமி தகஜுணு" என்று வாயால் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வீச்சு விழுத்துங்கள். எட்டு எழுத்து, எட்டு வீச்சு, நாலு தட்டு, ஓர் ஆவர்த்தனம். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் மெற்றோனோமை (சீரான தட்டொலி தரும் கருவியை) நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து, ஏ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் உள்ள டி சுரத்தை மட்டும் ஐந்து நிமிடம் வாசியுங்கள். அலுப்பாக இருக்கும். ஆனாலும் ஐந்து நிமிடமும் வாசியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பிசகாமல் வந்தால் நாலு தட்டுக் கூட்டலாம். இப்படி 140க்கு வருவதற்கு ஒன்றரை மாதமாவது செல்லும்; அதற்கிடையிலேயே முதற்பாடலை மெதுவான வேகத்தில் தொடங்கிவிடலாம்.

முன்கையின் சதை களைத்துச் சூடேறுவது இயல்பு. மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ குத்துவது இயல்பன்று. குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள்; மறுநாளும் குத்தினால் பிக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். வாத்தியத்தை முழங்கால்வரை தொங்கவிடுவது மேடையில் அழகாக இருக்கும், மணிக்கட்டுக்கோ அது கேடு. பழகும் காலத்தில் பேஸின் உடல் வயிற்றளவில் இருக்கட்டும்.

படி 3: றமோன்ஸ் குழுவின் முதல் அல்பம்

முதற்பாடல் "பிளிட்ஸ்கிரீக் பொப்". நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த றமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் அல்பத்தின் முதற்பாடல் அது. பேஸ் வாசித்தவர் டீ டீ றமோன். பாடலின் பெரும்பகுதி ஏ, டி, ஈ என்ற மூன்று மூலசுரங்களில் முடிந்துவிடுகிறது. ஈ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் ஏ, ஏ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் டி, அதே தந்தியின் ஏழாம் ஃபிரெட்டில் ஈ. மூன்றும் கையை நகர்த்தாமலே எட்டும். திறந்த தந்தியில் ஏ சுரம் இலகுவாகக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். திறந்த தந்தி நீங்கள் அடுத்த சுரத்துக்குப் போன பிறகும் அதிர்ந்துகொண்டிருக்கும். ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தை விரலைச் சற்றுத் தளர்த்தி உடனே நிறுத்தலாம். பங்க் பேஸில் சுரத்தைத் தொடங்குவதுபோல முடிப்பதும் முக்கியம்.

இதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 175 தட்டு. தட்டுக்கு இரண்டு வீச்சு என்றால் நிமிடத்துக்கு 350. பாடலின் நீளம் இரண்டு நிமிடமும் சில செக்கன்களும். முடியும்போது உங்கள் வலது கை எழுநூற்றைம்பது தடவைக்கு மேல் இறங்கியிருக்கும். இடது கைக்கு எளிது, வலது கைக்கு எளிதல்ல என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

இந்த அல்பத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதில் பேஸ் இடப்பக்க ஸ்பீக்கரிலும் கிற்றார் வலப்பக்க ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஒலிக்கும்படி கலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஹெட்போனின் இடப்பக்கத்தை மட்டும் காதில் வைத்தால் டீ டீயின் பேஸ் உரித்தெடுத்ததுபோல் தனியே கேட்கும். அதைக் கேட்டுப் பாடமாக்கிய பிறகு, வலப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இல்லாத பேஸின் இடத்தில் நீங்கள் வாசியுங்கள். இணையத்தில் கிடைக்கும் எண்வரிசைத் தாள்களைப் பார்த்துப் பழகுவதைவிட இது நூறு மடங்கு மேல். அந்தத் தாள்களில் எந்தச் சுரம் என்பது இருக்கும், எவ்வளவு அழுத்தம், எங்கே நிறுத்தம் என்பது இருக்காது. அவற்றில் பிழைகளும் ஏராளம்.

இதை முதலில் 110 தட்டில் முழுமையாக, நிறுத்தாமல் வாசிக்கப் பழகுங்கள். பிழைவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த வேண்டாம். பிழையைத் தாண்டித் தொடருங்கள். மேடையில் டிரம்ஸ்காரர் உங்களுக்காகக் காத்து நிற்கமாட்டார்.

படி 4: சுரங்களை இறங்கி நடத்தல்

செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் "அனார்க்கி இன் த யூகே" 1976இன் இறுதியில் வெளிவந்தது. றமோன்ஸை வாசித்த கைக்கு இதன் வேகம் ஓய்வுபோல இருக்கும். தொடக்கத்தில் ஜி, எஃப், ஈ, டி, சி என்று சுரங்கள் படிப்படியாக இறங்குகின்றன. டி தந்தியின் ஐந்தாம், மூன்றாம், இரண்டாம் ஃபிரெட்டுகள், பிறகு ஏ தந்தியின் ஐந்தாம், மூன்றாம் ஃபிரெட்டுகள். இந்த இறக்கத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒலி அறுந்துபோகாமல் வாசிப்பதே பயிற்சி. தந்தி மாறும் இடத்தில், அதாவது ஈ சுரத்திலிருந்து டி சுரத்துக்குப் போகும்போது, பலருக்கும் சிறு இடைவெளி விழும். அந்த இரண்டு சுரத்தை மட்டும் எடுத்து ஐம்பது தடவை வாசியுங்கள்.

இதில் பேஸ் வாசித்தவர் கிளென் மற்லொக். சிட் விசஸ் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். மற்லொக் 1977இன் தொடக்கத்தில் விலகிய பிறகே விசஸ் சேர்ந்தார். அந்த ஆண்டு வந்த அல்பத்தில்கூடப் பேஸின் பெரும்பகுதியை வாசித்தவர் கிற்றார்காரரான ஸ்ரீவ் ஜோன்ஸ். சுவரொட்டியில் யாருடைய படம் இருக்கிறது என்பதைப் பார்த்து யாரிடம் பாடம் கேட்பது என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படி 5: த கிளாஷ், இடைவெளியில் நிற்கும் ஒலி

இங்கே சற்று நீண்ட நேரம் தங்க வேண்டும். லண்டன் பங்க் குழுக்கள் தோன்றிய பகுதிகளில் யமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த மக்களும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய ரெகே இசை பங்க் பிள்ளைகளின் காதில் இரவும் பகலும் விழுந்தது. த கிளாஷ் குழுவின் பேஸ்காரர் போல் சிமொனன் வளர்ந்த பிரிக்ஸ்ரன் அத்தகைய இடம். அவர் குழுவில் சேர்ந்தபோது பேஸ் வாசிக்கத் தெரியாதவர். சுரங்களின் பெயரை வாத்தியத்தின் கழுத்தில் எழுதி வைத்துப் பழகியவர். மூன்று ஆண்டுகளுக்குள் அவரே எழுதி, அவரே பாடிய "த கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்ரன்", 1979 டிசம்பரில் வந்த "லண்டன் கோலிங்" அல்பத்தில் இடம்பெற்றது. அந்த அல்பத்தின் அட்டையில் பேஸைத் தரையில் அடித்து உடைக்கும் மனிதரும் அவர்தான். அதே ஆண்டு நியூயோர்க் மேடையில் பெனி சிமித் எடுத்த படம் அது.

றமோன்ஸில் எட்டு எழுத்துக்கும் எட்டு வீச்சு விழுந்தது. "கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்ரன்" அப்படியன்று. இதில் வாசிக்காத எழுத்துகளே பாடலைத் தாங்குகின்றன. "தகதிமி தகஜுணு" என்று வாயால் தொடர்ந்து சொல்லிக்கொண்டே, பதிவைக் கேட்டு, பேஸ் விழும் எழுத்துகளுக்கு மட்டும் கையால் தொடையில் தட்டுங்கள். வாய் நிற்கக் கூடாது. கை மட்டும் நிற்க வேண்டும். இது வந்த பிறகே வாத்தியத்தை எடுங்கள். சுரம் ஒலிக்காத இடத்தில் இரண்டு கையாலும் தந்தியை அமர்த்துங்கள்: வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜுக்கு (தந்திகள் உடலின்மேல் தங்கும் கட்டைக்கு) அருகே தந்திகளில் படிந்திருக்கட்டும், இடது விரல்கள் தந்தியை விட்டு விலகாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தட்டும். ஒலியின் கூர்மையை மாற்றும் ரோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பெருவிரலின் சதைப்பகுதியால் வாசித்தால் இன்னும் நல்லது.

பாடிக்கொண்டே இதை வாசிக்க முயன்று இயலவில்லையே என்று மனம் தளர வேண்டாம். மேடையில் இந்தப் பாடல் வரும்போது சிமொனன் பேஸைக் குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான ஜோ ஸ்ரமரிடம் கொடுத்துவிட்டுக் கிற்றாரை வாங்கிக்கொள்வது வழக்கம்.

அல்பத்தின் பெயரைக் கொண்ட "லண்டன் கோலிங்" பாடலை இதற்கு அடுத்ததாக எடுங்கள். ஈ சுரத்துக்கும் அதற்கு அரைச்சுரம் மேலே உள்ள எஃப் சுரத்துக்கும் இடையிலான உரசல் அதன் கிற்றார் கோர்ட்டுகளில் கேட்கும். அதன்மேல் பேஸ் மேல் ஸ்தாயியிலிருந்து சறுக்கி இறங்கி வருகிறது. சறுக்கும்போது விரலின் அழுத்தத்தைக் குறைக்காமல், சேர வேண்டிய ஃபிரெட்டில் சரியாக நிற்பதுதான் இங்கே பாடம்.

யாழ்ப்பாணத்துக் காதுக்குக் கிளாஷ் முற்றிலும் அந்நியமன்று. லண்டனில் பிறந்து, சிறுபராயத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986இல் மீண்டும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தமது 2007ஆம் ஆண்டு அல்பத்திலுள்ள "பேப்பர் பிளேன்ஸ்" பாடலை எழுப்பியது கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலான "ஸ்ரெயிற் ரு ஹெல்" பதிவின் துண்டொன்றின் மேல்தான். பழகுகின்ற பிள்ளைகளுக்கு நான் முதலில் "பேப்பர் பிளேன்ஸ்" போட்டுக் காட்டி, பிறகு மூலப்பாடலைக் கேட்கச் சொல்வதுண்டு. குடிபெயர்ந்தோரின் துயரைப் பேசும் மூலப்பாடலைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். மற்ற எந்தப் பங்க் பாடலுக்கும் அந்த மாற்றத்தை நான் கண்டதில்லை.

ரெகேயும் பங்கும் கலந்த வாசிப்பில் இன்னும் ஆழ்ந்துபோக விரும்புவோர், பெண்களால் அமைக்கப்பட்ட த சிலிற்ஸ் குழுவின் 1979ஆம் ஆண்டு அல்பமான "கற்" முழுவதையும் கேட்க வேண்டும். ரெகே இசைக்கலைஞர் டெனிஸ் பொவெல் தயாரித்தது அது. அதில் ரெசா பொலிற்றின் பேஸ் பாடல்களின் நடுவில் தைரியமாக உலாவுகிறது. பேஸ் பழக ஆசைப்படும் தங்கைமார் யாராவது இருந்தால் இந்த அல்பத்தை அவர்களுக்கு முதலிலேயே கொடுங்கள்.

படி 6: பேஸ் முன்னே போகும் பாடல்கள்

இதுவரை பேஸ் பாடலைத் தாங்கியது. இனிப் பாடலைத் தொடங்கி வைக்கட்டும். த டாம்ட் குழுவின் "நீற் நீற் நீற்" 1977இல் வந்தது. கப்டன் சென்சிபிள் அப்போது பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். பாடல் பேஸின் ஒரு குறுகிய, முறுக்கேறிய வரியோடு திறக்கிறது. குழுவின் எல்லோரும் உங்கள் வேகத்தை வைத்தே உள்ளே வருவார்கள் என்பதால், மெற்றோனோம் இல்லாமல் சரியான வேகத்தில் தொடங்கப் பழகுவதற்கு இது நல்ல பாடல். தொடங்கு முன் மனதுக்குள் பல்லவியை ஒரு தடவை பாடிப் பாருங்கள். வேகம் தானாகக் கிடைக்கும்.

அதே ஆண்டில் வந்த த ஸ்ராங்ளேர்ஸ் குழுவின் "பீச்சஸ்" பாடலில் ஜோன் ஜாக் பேர்னலின் பேஸ் அரத்தால் அராவியதுபோல் ஒலிக்கிறது. பெண்களை அது பார்க்கும் பார்வை எனக்கு உவப்பானதன்று. ஆகவே பேஸ் வரியை மட்டும் எடுத்துப் பழகிவிட்டுப் பாடலை விட்டுவிடுகிறேன். பிரிட்ஜுக்கு மிக அருகே பிக்கால் அடித்தால் அந்த ஒலிக்கு நெருங்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவின் டெட் கெனடீஸ் குழு 1980இல் வெளியிட்ட "ஹொலிடே இன் கம்போடியா", கிளாவுஸ் ஃபுளோரைடின் பேஸோடு இருண்டு தொடங்குகிறது. வசதியாக வாழ்ந்துகொண்டு துன்பப்படுவோரைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோலப் பேசும் அமெரிக்க மாணவனைப் பொல் பொட்டின் கொடுங்கோலாட்சி நடந்த கம்போடியாவுக்குப் போய்ப் பார் என்று கடுமையாக ஏசும் பாடல் அது. போரை அறிந்த நமது ஊரில் இதை வாசிப்பவர் சொற்களையும் படித்து விளங்கிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. விளங்கியவர் கையில் அந்தத் தொடக்க வரி வேறு விதமாக வரும்.

செக்ஸ் பிஸ்ரல்ஸிலிருந்து விலகிய ஜோன் லைடன் 1978இல் அமைத்த பப்ளிக் இமேஜ் குழுவின் முதற்பாடலான "பப்ளிக் இமேஜ்" பாடலையும் இங்கே சேர்க்கலாம். ஜா வொபிளின் பேஸில் சுரங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் தூண்போல நிற்கும்.

படி 7: திஸ்ர நடையில் "லோங்வியூ"

கிரீன் டே குழுவின் "லோங்வியூ", 1994இல் வந்த "டூக்கி" அல்பத்தில் இருக்கிறது. சரணங்களில் கிற்றார் ஒதுங்கி நிற்க, டிரம்ஸும் மைக் டேர்ன்றின் பேஸுமே குரலைச் சுமக்கின்றன. முதலில் ஒவ்வொரு தந்தியையும் அரைச்சுரம் இறக்குங்கள். அந்த அல்பம் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. இறக்காமல் பதிவோடு சேர்ந்து வாசித்தால் எந்தச் சுரமும் ஒட்டாது. காதில் பிழை என்று நினைத்துப் பலர் இங்கேயே கைவிட்டிருக்கிறார்கள்.

இதன் நடை "தகதிமி" அன்று, "தகிட". ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, நடு எழுத்தை ஊமையாக்கினால் கிடைக்கும் துள்ளல்தான் இந்தப் பாடலின் அசைவு. "த...ட, த...ட" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். கலியாண வீட்டில் பைலா வாசித்துப் பழகியவர்களின் கை மூன்றாகப் பிரியும் நடையை முன்பே அறிந்திருப்பதால் அவர்களுக்கு இது விரைவில் வரும். இந்த வரிக்கு விரலால் வாசிப்பதே பொருத்தம்.

படி 8: அதிவேகம்

வாஷிங்டன் நகரத்து மைனர் திரெட் குழுவின் "ஸ்ரெயிற் எட்ஜ்" 1981இல் வந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மதுவும் போதையும் வேண்டாம் என்று சொல்லும் பாடல் அது. இங்கே கீழ்வீச்சு மட்டும் என்ற விதியைத் தளர்த்தி, மாற்றுவீச்சுக்குப் போகலாம். ஆனால் மேல்வீச்சும் கீழ்வீச்சும் ஒரே கனத்தில் விழுகின்றனவா என்று கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டுச் சரிபாருங்கள்.

அதே நகரத்தின் பாட் பிரெயின்ஸ் குழுவினர் பங்குக்கு வரும் முன் ஜாஸ் கலந்த இசையை வாசித்தவர்கள். 1982இல் கசற்றாக மட்டும் வெளிவந்த அவர்களுடைய முதல் அல்பத்தில், மின்னல் வேகப் பாடல்களுக்கு நடுவே சாவகாசமான ரெகேப் பாடல்கள் வருகின்றன. டரில் ஜெனிபர் இரண்டையும் ஒரே வாத்தியத்தில் வாசிக்கிறார். வேகப் பாடல் ஒன்றை வாசித்து முடித்த கையோடு ரெகேப் பாடல் ஒன்றைத் தொடங்குங்கள். படபடக்கும் கையை ஒரு மூச்சுக்குள் அடக்கி நிறுத்துவது மிகக் கடினம். முழுமையான பேஸ்காரருக்கு அந்த அடக்கம் வேண்டும்.

படி 9: "வெயிற்றிங் றூம்", டிரம்ஸ்காரரோடு சேர்ந்து

ஃபுகாசி குழு 1988இல் வெளியிட்ட "வெயிற்றிங் றூம்" ஜோ லாலியின் பேஸ் வரியோடு தொடங்குகிறது. தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்று, சில செக்கன் முழு நிசப்தம். பிறகு எல்லோரும் ஒன்றாக மீண்டும் உள்ளே வருகிறார்கள். அந்த நிசப்தத்துக்காகவே இதைத் தனியே பழகக் கூடாது என்று சொல்கிறேன். டிரம்ஸ்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

நாங்கள் பழகிய இடம் தேவாலய மண்டபத்தின் பின்னறை. பேஸ் டிரம் முன்னுக்கு நகராமல் இருக்க ஒரு சீமெந்துக் கல்லைத் தடையாக வைத்திருப்போம். அம்ப்பை ஒரு கதிரையில் ஏற்றி, டிரம்ஸ்காரரின் காதுக்கு நேரே திருப்பி வைப்பேன். நான் நிற்பது அவருடைய வலது பாதம் தெரிகிற இடத்தில். அந்தப் பாதம் பெடலை மிதிக்கும் கணமும் என் பிக் தந்தியில் விழும் கணமும் ஒன்றாக இருந்தால் இரண்டு ஒலியும் சேர்ந்து ஒரே ஒலியாகிவிடும்; சிறிது விலகினாலும் இரண்டாகக் கேட்கும். நீங்களும் அந்தப் பாதத்தைப் பார்த்து வாசியுங்கள். நிசப்தம் வரும் இடத்தில் மட்டும் பார்வையை அவர் முகத்துக்கு உயர்த்துங்கள். இருவரும் மனதுக்குள் அதே சொற்கட்டைச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தச் சைகையும் இல்லாமல் ஒன்றாக உள்ளே வரலாம். எங்களுக்கு அது முதன்முதலில் சரியாக வந்த மாலை இன்னும் நினைவில் நிற்கிறது. இருவரும் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

மண்டபமும் டிரம்ஸும் கிடைக்காதவர்கள் ஒரு தகரப் பேணியும் இரண்டு குச்சியும் வைத்திருக்கும் நண்பரோடு இதைச் செய்யலாம். ஒழுங்கைக்குள் வீடுகள் நெருக்கமாக இருந்தால், பிள்ளைகள் படிக்கும் நேரத்தைத் தவிர்த்து, பின்னேரம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அயலவரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வைப்பது முறை.

படி 10: "மக்ஸ்வெல் மேர்டர்"

றான்சிட் குழுவின் 1995ஆம் ஆண்டு அல்பத்தின் முதற்பாடல் இது. ஒன்றரை நிமிடம்கூட இல்லாத பாடலின் நடுவில் மற் ஃபிரீமன் ஒரு பேஸ் தனிவாசிப்பை நிகழ்த்துகிறார். முந்தைய படிகள் ஒன்பதும் கைக்கு வராமல் இதைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னாலும் தொடுவீர்கள். நானும் தொட்டேன், ஓர் ஆண்டு வீணாயிற்று. வேகத்தைத் துரத்திய அந்த ஆண்டில் என் விரல்கள் சுரங்களை விழுங்கப் பழகிவிட்டன. பிறகு அதை எடுப்பதற்கு மெற்றோனோமை 60 தட்டுக்கு இறக்க வேண்டி வந்தது.

ஆகவே தனிவாசிப்பை முதலில் வாயால் பாடுங்கள். பதிவின் வேகத்தை அரைவாசியாக்கும் வசதி யூரியூப்பிலேயே இருக்கிறது. சுருதி மாறாமல் மெதுவாகக் கேட்கலாம். நாலு தட்டுக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு துண்டு மட்டும் பழகுங்கள். கடைசித் துண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்: முதலில் முடிவு, பிறகு அதற்கு முந்தையதும் முடிவும், அதன்பின் அதற்கும் முந்தையது. இப்படிப் பழகினால், வாசித்துக்கொண்டு போகப் போக நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்வீர்கள். தொடக்கத்திலிருந்து பழகியவர்களுக்கு நேர்வதுபோல நடுவழியில் கை தடுமாறாது. ஒவ்வொரு துண்டும் 60 தட்டில் ஐந்து தடவை பிசகின்றி வந்த பிறகே அடுத்ததை இணையுங்கள்.

முழுவதும் இணைந்த அன்று வேகத்தைக் கூட்ட வேண்டாம். பேஸைத் துடைத்து வைத்துவிட்டு, மறுநாள் "பிளிட்ஸ்கிரீக் பொப்"பை வலப்பக்க ஹெட்போனோடு ஒரு தடவை வாசியுங்கள். முன்பு எழுநூற்றைம்பதில் எந்த வீச்சில் கை தளர்ந்தது, இப்போது எதில் தளர்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மெற்றோனோமை 64க்கு ஏற்றுங்கள்.